மலச்சிக்கலுக்காக இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாதீர்கள்!

'என் மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி. மூன்று, நான்கு நாளைக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போகிறாள். அதற்கும் ரொம்ப நேரம் முக்க வேண்டியிருக்கிறது. சுகாதார நிலையத்தில் கொடுத்த சிவப்பு மாத்திரைதான் காரணம் என்று அம்மா சொன்னதால், பத்து நாளாக அதை நிறுத்திவிட்டோம். எங்கள் மானாவாரி நிலத்தில் அவுரி போட்டிருக்கிறோம். அந்த இலையைக் காயவைத்து, பொடி செய்து கொடுக்கலாமா? எத்தனை ஸ்பூன் கொடுக்க வேண்டும்?'

கடலாடி வட்டாரத்திலிருந்து ஒரு விவசாயி இப்படிக் கேட்டிருக்கிறார். அவுரி என்ற பயிர்ப் பெயர் இருந்ததால் ஆசிரியர் குழுவினர் கேள்வியை எனக்கு அனுப்பிவிட்டார்கள். பயிரைப் பற்றி நான் சொல்லலாம், வயிற்றைப் பற்றி மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அதனால் அரசு மகப்பேறு மருத்துவர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே இதை எழுதுகிறேன். ராமநாதபுரம் கடற்கரையில் கர்ப்பிணிப் பெண்கள் பலர் வெளியில் சொல்லாமல் படுகிற அவஸ்தை இது. ஒரு வரிப் பதிலோடு முடிக்க மனம் வரவில்லை.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், தம்பி. அவுரிப் பொடி வேண்டாம். மாத்திரையை இன்றைக்கே மறுபடி தொடங்கச் சொல்லுங்கள். பத்து நாள் விட்டுப்போனதையும், மலச்சிக்கல் இருப்பதையும் உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் திட்டினாலும் பரவாயில்லை.

அவுரி ஏன் வேண்டாம்?

நம் பகுதியில் அவுரி என்றால் இரண்டு செடிகளைச் சொல்கிறார்கள். ஒன்று, அந்தக் காலத்தில் நீலச் சாயம் எடுத்த அவுரி. இன்னொன்று, நிலாவாரை என்று நாட்டு மருந்துக் கடையில் விற்கிற சென்னா. சாயல்குடி, விளாத்திகுளம், சாத்தான்குளம் பக்கமெல்லாம் மானாவாரியில் போடுவது இந்த இரண்டாவதைத்தான். தண்ணீர் அதிகம் கேட்காது, ஆடு மாடு வாய் வைக்காது. காய்ந்த இலையும் காயும் தூத்துக்குடி வழியாக ஜெர்மனி, அமெரிக்கா என்று போகின்றன. உலகச் சந்தையில் இதற்குத் 'திருநெல்வேலி சென்னா' என்றே பெயர். போகிற இடத்தில் அதைப் பேதி மருந்தாகத்தான் செய்கிறார்கள். ஆகவே, 'இது மலத்தை இளக்கும்' என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னது பொய்யில்லை.

சிக்கல் அளவில் இருக்கிறது. இலையில் உள்ள சென்னோசைடு என்ற பொருள்தான் பெருங்குடலைத் தூண்டி வேலை செய்ய வைக்கிறது. இளம் இலையா முற்றிய இலையா, எந்தப் பருவத்தில் பறித்தது, நிழலில் உலர்ந்ததா வெயிலில் கருகியதா என்பதைப் பொறுத்து அந்தப் பொருளின் அளவு மாறும். மருந்துக் கம்பெனி அதைச் சோதித்து, ஒரு மாத்திரையில் இத்தனை மில்லிகிராம் என்று கட்டுப்படுத்துகிறது. நம் வீட்டு ஸ்பூனுக்கு அந்தக் கணக்கு தெரியாது. ஒரு ஸ்பூன் ஒரு நாள் ஒன்றும் செய்யாது, அடுத்த நாள் வயிற்றை முறுக்கிப் பேதியாக்கும். பேதியானால் உடம்பில் இருக்கிற கொஞ்ச நீரும் உப்பும் போய்விடும். தேவை என்று பட்டால் மருத்துவரே இதே சென்னாவை அளவு பார்த்துச் சில நாளுக்குக் கொடுப்பார், அது வேறு விஷயம். நீங்கள் விளைந்ததை நிழலில் உலர்த்தி வியாபாரிக்குப் போடுங்கள்.

விளக்கெண்ணெய் கர்ப்பிணிக்கு வேண்டவே வேண்டாம். அது குடலை மட்டும் தூண்டுவதில்லை, கர்ப்பப்பையின் தசையையும் சுருங்க வைக்கும். கடுக்காய்ப் பொடியைப் பக்கத்து வீட்டு யோசனையில் கொடுக்கக் கூடாது. சித்த மருந்தில் நம்பிக்கை இருந்தால், அரசு சித்த மருத்துவரிடம் மாதம் எத்தனை என்பதைச் சொல்லிக் கேளுங்கள். ஆசனவாயில் சோப்புத் துண்டு வைக்கிற பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள்.

சிவப்பு மாத்திரை

அந்த மாத்திரை ஒவ்வொன்றிலும் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. நான்காவது மாதத்திலிருந்து தினம் ஒன்று என்று குறைந்தது 180 நாள், பிள்ளை பெற்ற பிறகு இன்னொரு 180 நாள் சாப்பிட வேண்டும். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கர்ப்பிணிகளில் 52 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இருக்கிறது. ரத்தம் குறைவாக உள்ள பெண்ணுக்குப் பிரசவத்தில் கொஞ்சம் கூடுதலாக ரத்தப்போக்கு ஏற்பட்டாலும் உடம்பு தாங்காது. மாத்திரையை நிறுத்துவதில் உள்ள ஆபத்து அதுதான்.

மாத்திரை மலத்தை இறுக்கும் என்பது உண்மை. மலம் கறுப்பாகப் போவதும் அதனால்தான். கறுப்பைப் பார்த்துப் பயந்து நிறுத்துகிறவர்கள் உண்டு. குடலில் உறிஞ்சப்படாத இரும்பு அப்படி வெளியேறுகிறது, அவ்வளவுதான். தார் போலப் பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்தோடு வந்தால் மருத்துவரிடம் ஓட வேண்டும். 'மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும்' என்ற பேச்சுக்கு நான் பதில் எழுதப் போவதில்லை.

மாத்திரையை இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, படுக்கப் போகும்போது போட்டுப் பாருங்கள். குமட்டல் குறையும். எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு விழுங்கினால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். டீ, காபி, பால் கூடாது. கால்சியம் மாத்திரையையும் இதையும் ஒன்றாக விழுங்கக் கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இவ்வளவு செய்தும் தாங்கவில்லை என்றால் மருத்துவர் வேறு வகை இரும்புச்சத்து மாத்திரைக்கு மாற்றுவார். ரத்தம் ரொம்பவும் குறைவாக இருந்தால் நரம்பு வழியாக ஏற்றுகிற இரும்பு மருந்தும் இருக்கிறது. முடிவு அவர் கையில்.

மாத்திரையை மட்டும் குறை சொல்லவும் முடியாது. கர்ப்ப காலத்தில் சுரக்கிற புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் குடல் தசையைத் தளர்த்திவிடுகிறது. உணவு மெதுவாக நகர்கிறது. நகர நகர, அதிலுள்ள தண்ணீரைக் குடல் கூடுதலாக உறிஞ்சிக்கொள்கிறது. கடைசி மாதங்களில் வளர்ந்த கர்ப்பப்பை வேறு அழுத்தும். மாத்திரை தொடாத நாடுகளிலும் கர்ப்பிணிகளுக்கு இது வரத்தான் செய்கிறது. நூற்றுக்கு 11 முதல் 38 பேர் வரை என்று ஆய்வுகள் சொல்கின்றன.

முதல் குடம் யாருக்கு?

நம் மாவட்டத்துக்கென்று தனியாக உள்ள காரணம் தண்ணீர். காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்தாலும் கடைமடைக் கிராமங்களில் குழாயில் என்றைக்கு வரும் என்று காத்திருக்க வேண்டியிருக்கிறது. கடற்கரை ஓரம் மணலில் ஊற்றுத் தோண்டி, அகப்பையால் மொண்டு குடம் நிரப்புகிறார்கள். உள்பகுதிகளில் தள்ளுவண்டியில் ஏழெட்டுக் குடத்தை அடுக்கிக்கொண்டு நடக்கிறார்கள். அப்படிக் கொண்டுவந்த தண்ணீரை வீட்டில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, கொண்டுவந்த பெண் கடைசியாகக் குடிக்கிறாள். கர்ப்பிணியும் அப்படியே.

குடிக்காமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பாம்பன், சின்னப்பாலம், ஏர்வாடிப் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகிற பெண்கள், வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள், மிளகாய் பறிக்கப் போகிறவர்கள் எல்லோரும் வேலைக்குப் போகும்போது வேண்டுமென்றே தண்ணீர் குடிப்பதில்லை. ஒதுங்க மறைவிடம் கிடையாது. உச்சி வெயிலில் வியர்வையாகவும் தண்ணீர் போகிறது. குடலுக்கு மிஞ்சுவது என்ன?

கர்ப்பிணி ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டருக்குக் குறையாமல் குடிக்க வேண்டும். வெயிலில் வேலை என்றால் இன்னும் கூடுதலாக. மோர், நீராகாரம், இளநீர், ரசம் எல்லாமே கணக்கில் சேரும். ஒரு லிட்டர் பாட்டில் இரண்டரை தடவை காலியாக வேண்டும் என்று வைத்துக்கொண்டால் எண்ணுவது சுலபம். ராத்திரி எழுந்து போகச் சிரமம் என்றால் பெரும்பகுதியை மாலை ஆறு மணிக்குள் குடித்துவிடலாம். இருதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவில் நிற்க வேண்டும்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். உப்புக் கிணற்றுத் தண்ணீரைக் கர்ப்பிணிக்குக் கொடுக்காதீர்கள். நம்மைப் போலவே கடல் நீர் புகுந்த வங்காளதேசக் கடற்கரையில், டாகோப் என்ற வட்டாரத்தில் கர்ப்பிணிகளை ஆராய்ந்து 2011-ல் ஓர் ஆய்வறிக்கை வெளியானது. குடிநீரில் உப்பு ஏறிய மாதங்களில் கர்ப்பிணிகளுக்கு ரத்த அழுத்தமும் கூடியிருந்தது என்பது அதன் சாரம். ஆகவே காவிரித் தண்ணீரோ மழைநீர்த் தொட்டித் தண்ணீரோ எது நல்ல தண்ணீரோ, அதில் முதல் குடத்தை அவருக்கென்று தனியாக மூடி வையுங்கள். சமையலுக்கும் மற்றவர்களுக்கும் அடுத்த குடம். ஊருணித் தண்ணீர் என்றால் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுக்க வேண்டும்.

மீனில் நார் கிடையாது

தேசிய உணவூட்ட நிறுவனத்தின் அளவுகோல்படி ஒருவருக்கு ஒரு நாளில் 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். கடற்கரை வீடுகளில் மூன்று வேளையும் சோறு, மீன் குழம்பு, கருவாடு. புரதத்துக்கு மீனை விடச் சிறந்தது இல்லை. ஆனால் அதில் நார்ச்சத்து கொஞ்சமும் கிடையாது. தீட்டிய வெள்ளை அரிசி 100 கிராமில் இருப்பது மூன்று கிராமுக்கும் குறைவு. நாள் முழுக்க 400 கிராம் அரிசி சாப்பிட்டாலும் 11 கிராம்தான் தேறும். ராமேஸ்வரம் தீவுக்குக் காய்கறி ஒவ்வொன்றும் பாம்பன் பாலம் தாண்டித்தான் வர வேண்டும். விலை அதிகம், வந்து சேரும்போது பாதி வாடியிருக்கும். கடைசியில் குழம்பில் மிதக்கும் இரண்டு கத்தரிக்காய்த் துண்டுதான் காய்கறி.

உரக்கணக்குப் போடுவது போல இதற்கும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அரிசியை 300 கிராமாகக் குறைத்தால் 8 கிராம் நார். காலையில் 75 கிராம் கம்பு அல்லது கேழ்வரகு மாவில் கூழ், அதிலிருந்து இன்னொரு 8 கிராம். முழுப் பாசிப்பயறு ஒரு கைப்பிடி அவித்தால் 5 கிராம். முருங்கைக்கீரை 50 கிராம் பொரியலில் 4 கிராம். 100 கிராம் எடையுள்ள ஒரு கொய்யாப்பழத்தில் மட்டும் 8 கிராம். கூட்டினால் 33 வருகிறது. இதில் காசு கொடுத்து வாங்க வேண்டியது பயறும் கொய்யாவும்தான்.

குதிரைவாலியும் நல்லதுதான். கமுதி, முதுகுளத்தூர் பக்கம் விளைகிறதே, அதை விற்றுவிட்டு வெள்ளை அரிசி வாங்கிச் சாப்பிடுகிற வீடுகள் எத்தனையோ! ஒரு எச்சரிக்கை: கடையில் பாக்கெட்டில் வெள்ளை வெளேர் என்று தீட்டி விற்கிற குதிரைவாலியில் தவிடு போயிருக்கும், நாரும் அதோடு போயிருக்கும். சித்திரைக்கார் போன்ற சிவப்பு அரிசிக்கும் இதே விதிதான், தவிடு இருந்தால்தான் பலன்.

மற்றபடி கொத்தவரை, அவரை, வாழைத்தண்டு, பூசணி, தை மாதத்தில் அவித்த பனங்கிழங்கு என்று கிடைப்பதைச் சேருங்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் கொடுக்கிற ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் பேரீச்சம்பழம் இருக்கும். அதை வீட்டுப் பிள்ளைகள் தின்று தீர்க்கும் முன் தினம் நான்கு பழமாவது அவருக்குப் போகட்டும். கீழக்கரை வீடுகளில் நோன்பு காலத்தில் காய்ச்சுகிற கடல்பாசியும் தண்ணீரைப் பிடித்து வைக்கிற நார்தான், சர்க்கரையைக் குறைத்துக்கொண்டால் போதும். கர்ப்ப காலச் சர்க்கரை இருப்பவர்கள் பேரீச்சை, வாழைப்பழம், கருப்பட்டி அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பப்பாளியை நான் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். நன்றாகப் பழுத்தது ஆகும் என்பார்கள். ஆனால் அதற்காக மாமியாரோடு சண்டை எதற்கு, கொய்யா இருக்கும்போது?

நம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கும் பெருமைதான். ஆனால் முக்கி முக்கி ஆசனவாய் புண்ணாகி இருக்கிற சமயத்தில் காரத்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

நாரை ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும், வாயு தொல்லை தரும். ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக்கொண்டு மெதுவாகக் கூட்டுங்கள். தண்ணீரைக் கூட்டாமல் நாரை மட்டும் கூட்டினால் மலம் இன்னும் இறுகும். இசப்கோல் விஷயத்தில் இது ரொம்ப முக்கியம். குஜராத்தில் விளைகிற ஒரு செடியின் விதைத் தோல் அது. வயிற்றில் தண்ணீரை வாங்கி ஊதிப் பெருத்து மலத்தை இளக்குகிறது. கர்ப்பிணிகளுக்கும் மருத்துவர்கள் சொல்வதுண்டு. ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு குடித்து, மேலே இன்னொரு டம்ளர் குடிக்க வேண்டும். தண்ணீர் போதாமல் விழுங்கினால் அதுவே அடைத்துக்கொள்ளும். லாக்டுலோஸ் என்ற சிரப்பும் உண்டு. இரண்டையும் மருத்துவரிடம் கேட்டே தொடங்குங்கள்.

அடக்குவது

கருவேலங்காட்டுக்குள் இருட்டும் வரை காத்திருந்து போகிற பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அடக்க அடக்க மலம் காய்கிறது, நாளடைவில் உணர்வே மழுங்கிவிடுகிறது. தூய்மை இந்தியா திட்டத்தில் 12,000 ரூபாய் மானியத்தில் கட்டிய கழிப்பறைகள் சில வீடுகளில் விறகு அடுக்கவும் உரமூட்டை வைக்கவும் பயன்படுவதைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் இல்லை என்பார்கள். குளித்த தண்ணீரைத் தொட்டியில் பிடித்தால் அதற்குப் போதும். வீட்டில் கர்ப்பிணி இருக்கிற இந்த மாதங்களிலாவது விறகை வெளியே எடுங்கள்.

குத்தவைத்து உட்காருவது மலம் கழிக்க நல்ல நிலைதான். ஆனால் வயிறு பெருத்தபின் எழும்போது தடுமாறும். பக்கச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புக் குழாயோ கெட்டியான கயிறோ கட்டிக் கொடுங்கள். மேல்நாட்டுக் கழிப்பறை என்றால் காலுக்குக் கீழே ஒரு குட்டை மணை போடலாம். காலையில் எழுந்து வெதுவெதுப்பான தண்ணீர் குடித்து, சாப்பிட்டு முடித்த கால் மணி நேரத்துக்குள் குடல் தானாகவே அசையும். அந்த நேரத்தில் அவரை மாட்டுத் தொழுவத்துக்கோ குழாயடிக்கோ அனுப்பாதீர்கள். முக்கக் கூடாது, மூலம் வந்துவிடும். மருத்துவர் ஓய்வு சொல்லாத பட்சத்தில் மாலையில் 20, 30 நிமிடம் நடக்கலாம். குடம் சுமப்பது நடைப்பயிற்சி ஆகாது.

கைவைத்தியத்தோடு காத்திருக்கக் கூடாத நிலைமைகளையும் சொல்லிவிடுகிறேன். மலத்தில் ரத்தம், விடாத வயிற்று வலி, வாந்தியோடு வயிறு உப்பி வாயுகூடப் பிரியாமல் இருப்பது, காய்ச்சல் இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. வயிறு விட்டுவிட்டு இறுகுவது, நீர் கசிவது, பிறப்புறுப்பில் ரத்தம், பிள்ளை அசைவு குறைவது, முகம் வீங்கித் தலைவலியோடு கண் மங்குவது ஆகியவை மலச்சிக்கல் இல்லை. 108-க்கு உடனே போன் செய்யுங்கள்.

வீட்டோரம் ஐந்து சாக்கு

இனி என் துறை. கர்ப்பம் 280 நாள். தண்டுக்கீரையும் சிறுகீரையும் விதைத்து 25, 30 நாளில் பறிக்கலாம். நாள் தள்ளிப்போனது உறுதியானவுடன் விதைத்தால் பிரசவத்துக்குள் ஏழெட்டு முறை விதைத்து எடுக்கலாம். நிலம் உவர் என்றால் தரையில் விதைக்காதீர்கள், முளைப்பு பாதிதான் வரும். பழைய உரச் சாக்குகள் ஐந்தை நன்றாகக் கழுவி, அடியில் நாலு துளை போட்டு, கண்மாய் வண்டல் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய ஆட்டு எரு ஒரு பங்கு கலந்து முக்கால் அளவு நிரப்புங்கள். கீரை விதையை மணலோடு கலந்து தூவி, மேலே லேசாக மண் மூடினால் போதும். ஐந்தையும் ஒரே நாளில் விதைக்காமல் வாரம் ஒரு சாக்காக விதைத்து வந்தால் கீரை விடாமல் கிடைக்கும்.

தண்ணீருக்கு அரிசி, காய் கழுவிய தண்ணீர் போதும். சோப்பு கலந்தது கீரைக்கு ஆகாது, அதை வாழைக்கும் முருங்கைக்கும் திருப்பிவிடுங்கள். உப்புக் காற்று நேரடியாக அடிக்கிற பக்கம் சாக்கை வைக்காமல், வீட்டின் மறுபுறமோ ஓலைத் தட்டி மறைவிலோ வையுங்கள். பருப்புக்கீரை கொஞ்சம் உப்பைத் தாங்கும், அதை ஓரத்தில் வைக்கலாம். வரப்பில் அகத்தி, வாசலில் ஒரு முருங்கை. பூச்சி வந்தால் வேப்பங்கொட்டைக் கரைசல் தெளியுங்கள். மிளகாய்க்கு அடித்த மருந்தின் மிச்சத்தைக் கீரையில் காலி செய்யாதீர்கள். மருந்து அடித்த சட்டையைத் துவைக்கக் கர்ப்பிணியிடம் கொடுக்கவும் கூடாது.

பிள்ளை பெற்ற பிறகும் 180 நாள் சிவப்பு மாத்திரை தொடர்கிறது, தாய்ப்பால் கொடுக்கும்போது தண்ணீர்த் தேவையும் கூடுகிறது. அதனால் பிரசவம் முடிந்ததும் சாக்கைக் கொட்டிவிடாமல், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கை மக்கிய எரு போட்டு மண்ணைக் கிளறி அடுத்த விதைப்பைத் தொடங்கிவிடுங்கள். ஒரு சாக்கில் நான்கைந்து தண்டுக்கீரைச் செடியைப் பறிக்காமல் விதைக்கு விட்டால் கடையில் விதை வாங்க வேண்டியதில்லை.